நான்கு சிக்சரும் நான்கரை விழுக்காடும்

“அவர்களுக்கென்ன, ஐயா! பிறக்கும்போதே மட்டையோடு பிறந்தவர்கள். யோசிக்கவா வேண்டும்? கையை வீசினால் போதும், பந்து கூரைக்குப் போகிறது!”

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இரவு, தெருமுனைத் தேநீர்க்கடையின் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னே கூடி நின்ற கூட்டத்திலே ஒருவர் இப்படிச் சொன்னார். கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில், கடைசி ஓவரில் 19 ஓட்டங்கள் தேவை என்றிருந்த நிலையில், கார்லோஸ் பிராத்வைட் இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்சின் முதல் நான்கு பந்துகளையும் நான்கு சிக்சர்களாக்கி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு இருபது ஓவர் உலகக் கோப்பையைப் பெற்றுத்தந்த வேளை அது. மூன்று நாட்களுக்கு முன்புதான் மும்பையில் இந்தியாவை வீழ்த்தியவர்கள். அந்தக் கோபத்தையும் மறந்து கடையே கைதட்டிற்று. நானும் தட்டினேன். ஆனால் அந்த நண்பர் உதிர்த்த சொல் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. இன்றுவரை எடுக்க முடியவில்லை.

பாராட்டுப்போல ஒலிக்கிறது. பாராட்டா அது? ‘பிறவி’ என்ற சொல் நமக்குப் புதிதா, தோழர்களே? தலையிலே பிறந்தவனுக்கு மூளை, காலிலே பிறந்தவனுக்கு மூட்டை என்று பங்கு பிரித்த பழைய கணக்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே சாதி, இங்கே நிறம். கறுத்த மேனியைக் கண்டதும், “ஆகா, என்ன வலிமை!” என்பார்கள். அந்த ஆகாவுக்குள்ளே ஒளிந்திருக்கிறது, “அறிவு வேறிடத்தில் இருக்கிறது” என்ற ஆணவம்.

ஒளிந்திருப்பது மட்டுமா? வெளியேயும் வந்தது. அந்தப் போட்டி தொடங்குமுன் ஆங்கில வர்ணனையாளர் ஒருவர், இந்த அணிக்கு மூளை பற்றாது என்ற பொருள்பட எழுதினார். பின்னர் மன்னிப்பும் கேட்டார். அந்த நாணயத்தை நாம் மதிப்போம். ஆனால் கோப்பையைக் கையில் ஏந்தும் முன்னே அணித்தலைவர் டேரன் சாமி அதை நினைவுகூர வேண்டியிருந்ததே, ஏன்? வென்றவனும் தனக்கு மூளை உண்டு என்று சான்று காட்ட வேண்டிய நிலை எவருக்கு வரும்? வெள்ளை நிறத்து அணித்தலைவர் எவரேனும் வெற்றி மேடையில் அதைச் சொல்ல நேர்ந்ததுண்டா? அதே நாள் பிற்பகலில், அதே திடலில், ஸ்டெஃபானி டெய்லர் தலைமையில் மேற்கிந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவின் 148 ஓட்டங்களை இரண்டே விக்கெட் இழந்து கடந்தார்கள். பதினெட்டு வயது ஹேலி மேத்யூஸ் 45 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்தார். கணக்குப் போடாமலா கடந்தார்கள்? கண்ணை மூடிக்கொண்டா அடித்தார்கள்?

இந்தப் பொய்க்கு வயது அதிகம். 1928இல் டெஸ்ட் ஆட்டத்திற்குள் நுழைந்த மேற்கிந்திய அணியில் கறுப்பர் பந்து வீசலாம், கறுப்பர் மட்டை பிடிக்கலாம். தலைமை மட்டும் வெள்ளையருக்கு. 60க்கு மேல் சராசரி வைத்திருந்த ஜார்ஜ் ஹெட்லிக்கு 1948இல் ஒரே ஓர் ஆட்டத்தில் தலைமை தந்தார்கள். ஒரு முழுத்தொடருக்கு இல்லை. பந்தை எங்கே யார் வீசுவது, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு மூளை வேண்டுமாம்! டிரினிடாடில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தம் ஏட்டிலே போர் தொடுத்தார். 1960இல்தான் ஃபிராங்க் வோரல் ஒரு முழுச் சுற்றுப்பயணத்திற்குத் தலைவரானார். அந்தப் பயணத்தின் முதல் டெஸ்டே, பிரிஸ்பேனில், உலகம் அதுவரை கண்டிராத வகையில் சரிசமமாக முடிந்தது. தொடரிலே தோற்றார், ஆனால் ஆஸ்திரேலிய மக்கள் அந்த அணியை வழியனுப்ப வீதிகளில் திரண்டு நின்றார்கள். முப்பதாண்டுகளாக மறுக்கப்பட்ட மூளை ஒரே பருவத்தில் முளைத்துவிட்டதோ?

அடுத்து வந்த வீரயுகத்தையும் பார்ப்போம். 1980 முதல் 1995 வரை பதினைந்து ஆண்டுகள் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்காமல் உலகை ஆண்டது இந்த அணி. அதுவும் ‘பிறவி வேகம்’ என்றார்கள். உண்மை என்ன? 1977இல் ஆஸ்திரேலியச் செல்வர் கெர்ரி பேக்கர் நடத்திய போட்டித்தொடருக்குப் போன இடத்தில் டென்னிஸ் வெயிட் என்ற பயிற்சியாளரைப் பெற்றார்கள். ஓட வைத்தார், வளைய வைத்தார், வியர்க்க வைத்தார். உலகம் வியந்த அந்த உடல்கள் தொட்டிலில் வந்தவை அல்ல. பயிற்சித் திடலில் வந்தவை. பயிற்சியை நிறுத்தியபின் ‘பிறவி’ எங்கே போயிற்று? அதே தீவுகள், அதே மக்கள். 2025 ஜூலையில் ஜமைக்காவின் சபைனா பூங்காவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 27 ஓட்டங்களில் சுருண்டார்கள். பிறவிக் குணம் பேசுவோர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

விடை தயாராக வைத்திருக்கிறார்கள். “எல்லாம் அந்த இருபது ஓவர் ஆட்டம் செய்த கேடு!” என்கிறார்கள், ஐந்து நாள் ஆட்டத்தின் அர்ச்சகர்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. 2003இல் இங்கிலாந்தில் இந்தக் குறு ஆட்டம் பிறந்தபோது, வேலை முடிந்து வருகிறவர் மாலையில் கண்டுகளிக்க வேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது. ஐந்து நாள் அமர்ந்து பார்க்க ஆலைத் தொழிலாளிக்கு விடுப்பு யார் தருவார்? மூன்று மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தை மட்டமென்று இகழ்பவரின் பேச்சிலே ஓய்வுள்ளவரின் இறுமாப்பு இருக்கிறது.

ஆயினும், குறு ஆட்டத்துக்குச் சிந்தனை வேண்டாம் என்று நம்பியதில்தான் மேற்கிந்தியர் சறுக்கினார்கள் என்பதை, அவர்கள் ரசிகன் என்ற உரிமையோடு நானும் சொல்வேன். 2007இல் முதல் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஜோகன்னஸ்பர்க்கில், கிறிஸ் கெயில் 57 பந்துகளில் 117 எடுத்தார்; இவ்வகைப் பன்னாட்டு ஆட்டத்தின் முதல் சதம் அது. அணி 205 எடுத்தது. முடிவு? தென்னாப்பிரிக்கா இரண்டே விக்கெட் இழந்து, இரண்டு ஓவருக்கு மேல் மீதம் வைத்து வென்றது. இடி இடித்தது, மழை அடுத்த ஊரில் பெய்தது. 2021இல் துபாயில் நடப்புக் கோப்பையாளராக இறங்கி, இங்கிலாந்துக்கு எதிராக ஒவ்வொருவரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிக்க முயன்று, 55 ஓட்டங்களில் வீழ்ந்தார்கள். ஒற்றை ஓட்டம் எடுப்பது இழிவா? ஓட்டமில்லாப் பந்து ஒன்று அடுத்த பந்தின்மீது ஏற்றும் சுமையை எண்ணாமல், சிக்சர் வரும் வரும் என்று காத்திருப்பது, உழாமல் மழைக்குக் காத்திருப்பது போன்றது. ‘நீ யோசிக்கத் தேவையில்லை, அடி’ என்று உலகம் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர்களே நம்பிவிட்டார்களோ என்பதுதான் என் வருத்தம்.

பிறகு இன்னொரு குற்றச்சாட்டு: “பணத்துக்கு விலைபோனவர்கள், நாட்டை மறந்து லீக் லீகாக அலைகிறார்கள்.” சொல்கிறவர் வரலாற்றை ஒரு பக்கமாவது புரட்ட வேண்டாமா? 1929இலேயே லியரி கான்ஸ்டன்டைன் இங்கிலாந்தின் நெல்சன் ஊர்க் கழகத்துக்கு ஊதியம் பெற்று ஆடச்சென்றார். சிலையாக நிற்கும் அதே வோரல், கேட்ட ஊதியத்தை வாரியம் மறுத்ததால், 1948-49இல் இந்தியாவுக்கு வந்த மேற்கிந்திய அணியோடு வர மறுத்தார். அவர்கள் துரோகிகளா? உழைத்தவன் கூலி கேட்டான், அவ்வளவே.

பணத்தின் கதையில் அசிங்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. 2008 ஜூனில் ஆலன் ஸ்டான்ஃபோர்ட் என்ற டெக்சாஸ் செல்வர் ஹெலிகாப்டரில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறங்கி, டாலர் கட்டுகள் நிறைந்த பெட்டியைக் காட்டினார். ஒரே ஆட்டம், இரண்டு கோடி டாலர்! ஆங்கிலேயக் கிரிக்கெட்டின் பெரியவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நின்றார்கள். நவம்பரில் ஆண்டிகுவாவில் அந்த ஆட்டம் நடந்தது. மேற்கிந்திய வீரர்களே நிறைந்த அவருடைய அணி இங்கிலாந்தைப் பத்து விக்கெட்டில் வென்றது. ஆடிய ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் டாலர். அடுத்த ஆண்டே அந்த வள்ளல் கைதானார். மாபெரும் முதலீட்டு மோசடிக்காக 2012இல் 110 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இன்று ‘பணப்பேய்’ என்று ஆட்டக்காரரை வைகிறவர்கள், அன்று அந்த ஹெலிகாப்டருக்குக் கீழே நின்றவர்களை ஒரு சொல்லாவது சொன்னார்களா?

இருக்கட்டும். மோசடிக்காரன் போனான். நேர்மையானவர்கள் என்ன செய்கிறார்கள்? 2024 முதல் 2027 வரையிலான பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் வருவாய்ப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 விழுக்காடு என்றும், மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏறத்தாழ நான்கரை விழுக்காடு என்றும் 2023இல் செய்திகள் வெளியாயின. “இந்தியாவில்தான் பார்வையாளர் அதிகம், வருவாய் அங்கிருந்துதான் வருகிறது” என்பது வாதம். உண்மைதான், பார்வையாளர் இருக்கிறோம். ஆனால் நாம் எதைப் பார்க்கிறோம்? கெயிலையும், பொல்லார்டையும், ரசலையும், நரைனையும் பார்க்கத்தானே இந்நாட்டு லீகுக்குக் கூட்டம் கூடியது? விளைவித்த ஊருக்கு நான்கரை, விற்கும் ஊருக்கு முப்பத்தெட்டரை. இந்தக் கணக்கைக் கரும்புத் தோட்டங்களில் அந்தத் தீவு மக்களின் பாட்டன்மார் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். இந்தியனாக இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நம் வீட்டுத் தராசு கோணலாயிருந்தால் நாம் சொல்லாமல் யார் சொல்வது?

இதைச் சொன்னவுடன் அவர்களுடைய வாரியம் கழுவிய கையோடு தப்பிவிடக் கூடாது. 2014 அக்டோபரில் ஊதிய ஒப்பந்தச் சண்டை முற்றி, தர்மசாலாவில் ஆடிய கையோடு அணி பயணத்தைப் பாதியில் கைவிட்டு வீடு திரும்பியது. 2016இல் கோப்பை வென்ற இரவில் சாமி சொன்ன குறைகளில் சீருடைகூட நேரத்துக்கு வந்து சேராத கதையும் ஒன்று. 2025 ஜூனில் நிக்கோலஸ் பூரன், 29 வயதில், பன்னாட்டு ஆட்டத்துக்கே விடைகொடுத்தார். ஒரு தலைமுறையின் முதன்மை மட்டையாளர் இளமையிலேயே விலகுகிறார் என்றால், விலகியவரை ஏசுவது எளிது. அவரை வைத்துக்கொள்ள முடியாத வீட்டை ஆராய்வது கடினம்.

எதிர்காலம் என்ன என்கிறீர்களா? 2022இல் ஹோபார்ட்டில் ஸ்காட்லாந்திடமும் அயர்லாந்திடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2024இல் சொந்த மண்ணில், நியூசிலாந்து உட்பட நான்கு அணிகளையும் வென்று குழுவில் முதலிடம் பெற்று, பின்னர் இங்கிலாந்திடமும் தென்னாப்பிரிக்காவிடமும் தோற்று அரையிறுதியைத் தவறவிட்டார்கள். 2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் நேபாளத்திடம் தொடரையே இழந்தார்கள். ஓர் ஆட்டத்தில் 83க்கு ஆட்டமிழந்தார்கள். நேபாளத்தை நான் மனமார வாழ்த்துகிறேன், உழைத்து வென்றார்கள்.

ஆனால் ஷமார் ஜோசப்பை எண்ணிப் பார்க்கிறேன். கயானாவில், ஆற்றிலே படகேறித்தான் அடைய முடிந்த பராகாரா என்ற சிற்றூர். காவலாளி வேலை பார்த்தவர். 2024 சனவரியில், காயம்பட்ட கால்விரலோடு பிரிஸ்பேனில் ஏழு விக்கெட் வீழ்த்தி, ஆஸ்திரேலியாவை எட்டு ஓட்டங்களில் சாய்த்தார். அந்தப் படகுத்துறைக்கும் பயிற்சித் திடலுக்கும் இடையே எத்தனை பேர் காவலாளிகளாகவே நின்றுபோனார்களோ! ஒரு பயிற்சியாளர், ஒரு நல்ல ஆடுதளம், பருவம் முழுவதும் ஊதியம்: நான்கரை விழுக்காட்டில் இவற்றைப் பத்துக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரப்ப வேண்டும்.

ஆம், நாடுகள். மேற்கிந்தியத் தீவுகள் என்றொரு நாடே இல்லை. 1958இல் பத்துப் பகுதிகள் சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைத்தன. 1962இல் அது கலைந்தது. கொடி போயிற்று, கிரிக்கெட் அணி மட்டும் மிஞ்சியது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 1900க்குப் பிறகு முதன்முறையாகக் கிரிக்கெட் வருகிறது; அதுவும் இருபது ஓவர் ஆட்டமாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆறாறு அணிகளோடு. ஒலிம்பிக்கில் தீவுகள் தனித்தனிக் கொடியோடுதான் நிற்கும். ஈடன் தோட்டத்தில் அன்றிரவு நான்கு சிக்சர் அடித்தவர் பார்படாஸ்காரர். மறுமுனையில் 85 ஓட்டங்களோடு நின்ற மார்லன் சாமுவேல்ஸ் ஜமைக்காக்காரர். எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவந்து அவர்களைக் கட்டிக்கொண்ட சாமி செயின்ட் லூசியாக்காரர். லாஸ் ஏஞ்சல்சில் அந்த மூவரும் மூன்று வெவ்வேறு அணிக்காரர்கள்.