உமியைக் காத்து அரிசியை வீசுவதா?



தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென மேசையில் ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு ஒன்றைத் தமிழில் அமைக்க வேண்டும் என்ற பேச்சு ஆசிரியர் நண்பர்களிடையே எழுந்துள்ளது. இவ்விளையாட்டை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம். நால்வரோ ஐவரோ கூடி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்யப் போவதை வாயால் சொல்லியே ஆடுவர். ஐயமான இடத்தில் பகடை தீர்ப்பு வழங்கும். இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும், ‘தொடக்க நிலை’ என்ற பெயரில் கைமாறி வரும் மாதிரிகளைக் கண்டால் உள்ளம் கொதிக்கிறது. ஓர் அட்டை, அதில் ஒரு படம், கீழே அ, ஆ, இ என மூன்று விடைகள். மாணவன் ஒன்றைத் தொட வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். இடையிடையே ‘அட்டாக்’, ‘பவர்’, ‘லெவல்’! ஏன் இப்படி என்று கேட்டால், “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும், எளிமையாக்க வேண்டாவா?” என்கின்றனர்.

எளிமையாக்கத்தான் வேண்டும். ஆனால், எதை எளிமையாக்குவது?

இவ்விளையாட்டில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று கணக்கு: பட்டியல்கள், புள்ளிகள், பலவகைப் பகடைகள். மற்றொன்று பேச்சு: கேட்டல், கற்பனை செய்தல், முடிவெடுத்தல், அதனைச் சொல்லால் விளக்குதல். முன்னது உமி, பின்னது அரிசி. நம்மவர் மாதிரியில் பகடையும் புள்ளியும் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளை வாய் திறக்க வேண்டிய இடந்தான் காணாமற் போயிற்று.

பகடை உருட்டிக் கட்டம் தாண்டும் ஆட்டம் நமக்குப் புதிதா? பரமபதம் நம் வீடுகளில் என்றோ இருக்கிறது. அதில் ஏணியும் பாம்பும் முடிவு செய்யும். ஆடுபவர் முடிவு செய்ய ஒன்றுமில்லை. மூன்று விடை அட்டையும் படம் போட்ட பரமபதமே. பல்லாங்குழிகூட எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்று நம்மை எண்ண வைக்கிறதே! விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் வினா தொடுக்கும். மன்னன் தானே எண்ணி விடை சொல்ல வேண்டும். அ, ஆ, இ என்று மூன்று விடை கொடுத்து வேதாளம் கேட்டதாக எவரேனும் கேள்விப்பட்டதுண்டா?

அயலார் தம் விளையாட்டை எப்படி எளிமையாக்கினர் என்பதையும் பார்ப்போம். 1974-இல் வந்த மூன்று சிறு நூல்களைப் படித்துப் புதியவர் ஆடுவது அரிதாக இருந்தது. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அவ்விதிகளைத் தொகுத்துத் தொடக்கப் பதிப்பை ஆக்கினார். 1977-இல் அது வெளிவந்தது. முதல் மூன்று படிநிலைகளோடு நிறுத்திக்கொண்டு, 48 பக்கங்களில் அடக்கினார். 1981-இல் டாம் மோல்ட்வே திருத்திய பதிப்பில், ஆடுவோர் பேசிக்கொள்ளும் உரையாடலே மாதிரியாகக் காட்டப்பட்டது. 1983-இல் பிராங்க் மென்ட்சர் இன்னும் ஒருபடி மேலே போனார்: புதியவர் முதலில் தனியே ஒரு கதையைப் படித்துக்கொண்டே போவார், தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் விதி மட்டும் வரும், பிறகே குழுவாக ஆடுவார். மூவரும் விதிகளைத் தெளிவாக்கினர், வரிசைப்படுத்தினர். ஆடுபவர் தாமே எண்ணிச் சொல்லும் உரிமையில் மட்டும் எவரும் கை வைக்கவில்லை.

“சிறப்புப் பகடைகளுக்குப் பணம் ஏது?” என்பாரும் உளர். 1979-இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, அந்நிறுவனமே எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து விற்றது! கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தால் தீர்ந்தது. “உரிமைச் சிக்கல் வருமே” என்ற அச்சமும் வேண்டா. அடிப்படை விதிகளின் 5.1 தொகுப்பு 2023 சனவரியில் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதனைத் தமிழாக்கலாம்.

குறை சொல்வதோடு நில்லாமல் ஒரு வழியும் சொல்கிறேன். வலிமை, அறிவு, நாவன்மை என மூன்றே பண்புகள் போதும். பிள்ளை அவற்றுக்கு 0, 1, 2 என்ற எண்களைத் தன் விருப்பப்படி பகிர்ந்தளிக்கட்டும். கடைகளில் கிடைக்கும் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, பண்பின் எண்ணைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. 36 வாய்ப்புகளில் முறையே 15, 21, 26 வெற்றியாகும். இதனை மாணவரே பட்டியலிட்டுக் காணலாம். தோல்வி கதையை நிறுத்தலாகாது. வேறு பக்கம் திருப்ப வேண்டும். முதன்மை விதி ஒன்றுண்டு: செய்யப் போவதைச் சொல்லாமல் எவரும் பகடையைத் தொடக்கூடாது. தக்க சொற்களால் விளக்கிச் சொன்னால் ஒரு புள்ளி கூடுதல். இவ்வளவே. அரைப் பக்கத்தில் முடிந்தது.

கதைக்களத்துக்குக் கோட்டையும் டிராகனும் வேண்டுமா? விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கிறார்கள், ஒருவர் குறைகிறார். செம்பனை வரிசைகளுக்கு அப்பால், நேற்றுவரை இல்லாத ஒரு விளக்கு எரிகிறது. என்ன செய்வாய்? இதைவிடவா ஒரு தொடக்கம் வேண்டும்!

இவ்வளவு வலியுறுத்துவது ஏன்? ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் வாழ்ந்தோர் பலர் சிரம்பானுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர். லயத்து வாசலில் பெரியவர்கள் கதை சொல்ல, பிள்ளைகள் இடைமறித்துக் கேள்வி கேட்ட மாலைப் பொழுதுகளும் அவர்களோடு போயின. பிள்ளை தமிழில் வாசிக்கிறது, எழுதுகிறது, விடையை வட்டமிடுகிறது. தன் எண்ணத்தை நான்கு வாக்கியங்களில் தொடர்ந்து சொல்லக் கேட்டால் தடுமாறுகிறது. வட்டமிடும் பழக்கத்தை விளையாட்டிலும் தொடர்வதா?

150 மாணவர்க்கு மேற்படாத பள்ளியை ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்று வகைப்படுத்துகின்றனர். அது குறையாகவே பேசப்படுகிறது. நால்வரோ ஐவரோ ஆடும் இவ்விளையாட்டுக்கோ அதுவே நிறை! ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச முறை வரும். யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டலும் பேச்சும் இடம்பெறுகின்றன. இரண்டு பாடவேளை சேர்ந்த 60 நிமிடத்தில் ஒரு சிறுகதையை ஆடி முடிக்கலாம். இனியும் என்ன தடை?

கூச்சமுள்ள பிள்ளை என்ன செய்யும் என்பீர்கள். ஆசிரியர் நற்றமிழில் கதையை விரிக்கட்டும். பிள்ளை வீட்டு வழக்கிலேயே விடை சொல்லட்டும். ஆட்டத்தின் நடுவே பிழை திருத்தி வாயை அடைக்காதீர். முடிந்தபின் பொறுமையாகத் திருத்தலாம்.

ஆசிரியப் பெருமக்களே, விதியைக் குறையுங்கள், பட்டியலைக் கிழியுங்கள், புள்ளியைச் சுருக்குங்கள். பிள்ளையின் சொல்லை மட்டும் குறைக்காதீர்கள். “இவ்வளவுதான் வரும்” என்று நாம் அளந்து கொடுத்தால், அவ்வளவுதான் வரும்.