நாங்கள் போகாத கலியாணங்கள்

பின்னேர றெயில் தலைமன்னார்ப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. விறாந்தையில் பாயை விரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கலியாண எழுத்துப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, காசு அனுப்பிய துண்டுகள், அவர் இரண்டு முறை வந்துபோன விமானச் சீட்டின் கிழிந்த பாதிகள். பிறகு ஒரு கட்டுத் தாள். இருவரும் வாட்ஸப்பில் பேசியதெல்லாம் அச்சாகி இருந்தது. "சாப்பிட்டாச்சா?", "அங்க மழையா?", "காய்ச்சல் விட்டுட்டுதா?" என்பவற்றுக்குக்கூட வரிக்கு வரி ஆங்கிலம் எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். கடைசியாகப் படங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் திகதி, இடம், நிற்பவர்களின் பெயர்.

"மாமா, நாங்கள் உண்மையா முடிச்ச ஆக்கள்தான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. ஊரில தெரிஞ்ச ஆக்கள் எழுதினா நல்லம் எண்டு லோயர் சொன்னவர்."

அவளுடைய கணவன் கனடாவில். மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவர்களுடைய கலியாணப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேர் நிற்கிறார்கள். பிள்ளையின் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நானும் இல்லை. எனக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. பையன் வேற ஊர், வேற ஆக்கள். விரும்பி முடித்த கலியாணம். பெற்றவர்களே போகவில்லை, நாங்கள் போய் ஏன் அவர்களின் மனத்தை நோகச் செய்ய வேண்டும் என்று ஒழுங்கை முழுவதும் வீட்டுக்குள் இருந்துவிட்டது. அன்று அது நாகரிகமாகத் தெரிந்தது.

படத்திலுள்ள அந்த வெற்றிடத்தை இன்று எங்கோ ஒரு மேசையில் ஓர் அதிகாரி எண்ணிப் பார்க்கிறார். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 4ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. கலியாணம் உண்மையானதல்ல என்றாலும், வதிவுரிமை எடுப்பதே அதன் முதன்மை நோக்கம் என்றாலும் விண்ணப்பத்தை மறுக்கலாம். 2010 செப்டெம்பர் 30க்கு முன்பு இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடியும். அதன் பிறகு இரண்டில் ஒன்று போதும். அதிகாரிக்கு எங்கள் வீட்டு முற்றம் தெரியாது. தமிழர் கலியாணமென்றால் நூற்றுக்கணக்கில் சனம் கூடும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். சனம் இல்லாத கலியாணத்தைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. நாங்கள் கோபத்திலோ வெட்கத்திலோ போகாமல் விட்டதை அவர் பொய்க் கலியாணத்தின் அடையாளமாக வாசிக்கிறார்.

போருக்குப் பிறகு மறுமணம் செய்த பெண்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. கணவனை இழந்தவள், பிள்ளையோடு இருப்பவள், ஊரின் வாய்க்குப் பயந்து அதிகாலையில் நாலு பேரோடு போய் எழுத்தை முடித்துவிட்டு வருகிறாள். கூறை இல்லை, விருந்து இல்லை, வீடியோ இல்லை. அமைதியாக முடித்தால்தான் மானம் என்று அவளுக்குச் சொன்னதும் நாங்கள்தான். பிறகு நேர்முகத்தில், ஏன் இவ்வளவு இரகசியமாக முடித்தீர்கள் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் முதலில் எழுத்தை வைத்துவிட்டு, ஸ்பொன்சருக்குக் கொடுத்துவிட்டு, கோயிலிலோ மண்டபத்திலோ நடக்கிற கலியாணத்தை மாதக்கணக்கில் பிந்தி வைப்பார்கள். அதுவரை பிள்ளை தாய் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். எங்களுக்கு அதுதான் ஒழுக்கம். சட்டத்தின் கண்ணில் எழுத்து வைத்த அன்றே அவர்கள் கணவன் மனைவி. முடித்துப் பத்து நாள் ஒரே ஊரில் இருந்தும் ஒரு வீட்டில் இருக்கவில்லையா என்று கேட்பவருக்கு இந்த வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் வேண்டும். பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். எழுதாமல் விட்டால், ஒழுக்கம் என்று நாங்கள் காத்ததே பிள்ளைக்குப் பாதகமாகும்.

சேர்ந்து வாழ்ந்ததைத் தாளில் காட்டு என்ற கட்டளை இந்த மன்னார்த் தீவின் வழியே முன்பும் ஒரு முறை வந்துபோனது. மலையகத் தமிழரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய பிறகு, 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாமல் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மணமானவருக்கு அது மட்டும் போதாது, மனைவியும் இங்கேயே வாழ்ந்தாள் என்று காட்ட வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கோ தாயின் செத்தவீட்டுக்கோ தலைமன்னாரில் கப்பல் ஏறி ஊருக்குப் போய் வந்தவளின் அந்தப் பயணம் கணவனின் விண்ணப்பத்தில் ஒரு கறை. எங்கள் வீதியின் முடிவில் இருக்கிற அதே இறங்குதுறைதான். லயத்து அறையில் சேர்ந்து உலை வைத்தவர்களிடம் வீட்டு வாடகைத் துண்டு எங்கே இருந்திருக்கும்? தாளில்லாத ஏழைகளின் வாழ்க்கையை அரசு நம்பாமல் விட்டது. அவர்களுக்காகப் பேச எழுந்த குரல்களும் குறைவு.

சாட்சி என்ற சொல்லை எங்கள் ஊர் இலேசாக எடுக்கக் கூடாது. எங்கள் தோட்டவெளி என்றவுடன் வெளியூரார் நினைப்பது வேதசாட்சிகளைத்தான். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிரைக் கொடுத்த அறுநூறு பேர்வரையிலான மன்னார் மக்களின் நினைவு இங்கேதான் கோயிலாக நிற்கிறது. அவர்களோடு எங்களை ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆனாலும் கண்டதைக் கண்டதென்று சொல்வதற்கு ஒரு விலை உண்டு என்று ஆண்டுதோறும் இங்கே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கோயிலில் கேட்பதும் இதற்காகத்தான். கலியாணம் இரண்டு பேரின் காரியமாக மட்டும் எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஊர் அதற்குச் சாட்சி, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

அதே சாட்சியை நாங்களே கெடுத்தும் இருக்கிறோம். ஏஜென்சிக்காரன் பேசிக் கொடுத்த கலியாணங்கள் எங்கள் கரையோரத்துக்குப் புதிதல்ல. காசுக்கு மாலை மாற்றி, வாடகை மண்டபத்தில் சனத்தைக் கூட்டிப் படம் பிடித்து, போய் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். பந்தியில் இருந்து சாப்பிட்டவர்களுக்கும் தெரியும். அப்படி ஒவ்வொன்று பிடிபடும்போதும் அடுத்த உண்மைத் தம்பதியின் மேல் சந்தேகம் ஒரு பங்கு கூடுகிறது. பொய்த் தகவல் கொடுத்ததாகக் கனடா கண்டால் 5 ஆண்டுக்கு உள்ளே போக முடியாது. ஸ்பொன்சரில் போனவர் அந்தக் கலியாணம் முறிந்தாலும் வதிவுரிமை கிடைத்து 5 ஆண்டு ஆகுமுன் வேறொரு துணையைக் கூப்பிட முடியாது என்ற விதி 2012 மார்ச்சில் வந்தது. விதி இறுகியதற்கு எங்களைப் போன்ற பல ஊர்களின் மௌனமும் ஒரு காரணம். ஆளைத் தெரியாமலே கடிதத்தில் கையெழுத்து வைக்கிற சமாதான நீதவான், விசாரிக்காமல் வதிவிட உறுதி கொடுக்கிற அலுவலர், "ஏதோ பிள்ளை போய்ச் சேரட்டும்" என்று தலையாட்டுகிற உறவினர், எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

போய்ச் சேர்ந்த பிறகும் கேள்வி தீர்வதில்லை. பிரித்தானியாவில் முதல் விசா 33 மாதம், பிறகு புதுப்பிக்க 30 மாதம். ஒவ்வொரு முறையும் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததற்கு ஒரே முகவரிக்கு வந்த கடிதங்களைக் காட்ட வேண்டும். அவுஸ்திரேலியா வரவு செலவையும், வீட்டு வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பதையும், மற்றவர்கள் இவர்களைத் தம்பதியாக அறிவார்களா என்பதையும், ஒருவர்மேல் ஒருவருக்குள்ள பிடிப்பையும் பார்க்கிறது. அங்கே தம்பதியைத் தெரிந்தவர்கள் சாட்சி எழுதுவதற்கென்றே 888ஆம் இலக்கப் படிவம் உண்டு. எங்கள் வீடுகளிலோ கரண்ட் பில், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஆம்பிளையின் பெயரில். சமைத்து, துவைத்து, வேலைக்கும் போகிறவளின் பெயர் அந்த வீட்டில் ஒரு தாளிலும் இல்லை. அண்ணன்மாரே, தம்பிமாரே, மனைவி வந்து இறங்கிய கிழமையே அவள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். விசாவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவள் அங்கே குடியிருக்கிறாள்.

இதைவிடப் பாரதூரமான ஒன்று இருக்கிறது. கனடாவில் 2012 ஒக்டோபர் 25 முதல், பிள்ளையில்லாத புதுத் தம்பதியர் 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவுரிமை நிலைக்கும் என்று நிபந்தனை இருந்தது. அடி உதைக்கு விதிவிலக்கு இருந்தும் பெண்கள் பலருக்கு அது தெரியவில்லை. 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். எங்கள் காதில் மட்டும் அது இன்னும் நீங்கவில்லை. அழுதுகொண்டு தொலைபேசி எடுக்கிற மகளிடம், "காட் வரும்வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை" என்று தாய்மார் இன்றைக்கும் சொல்கிறார்கள். சேர்ந்து வாழ்வதற்குச் சாட்சி வேண்டுமென்பதற்காக அடி வாங்கிக்கொண்டு வாழச் சொல்லும் சட்டம் இந்த நாடுகளில் இல்லை. வதிவுரிமை கிடைத்த பின் கனடாவில் பிரிந்து போவதால் மட்டும் அது போய்விடாது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சுவிற்சர்லாந்திலும் வீட்டு வன்முறைக்கு ஆளான துணைவருக்குத் தனி வழி இருக்கிறது. இதை ஒவ்வொரு தாயும் மகளுக்குப் பயணப் பெட்டியில் மிளகாய்த்தூளோடு கட்டி அனுப்ப வேண்டும். கலியாணத்துக்கு முன் நடத்துகிற ஆயத்த வகுப்பில் பங்குகள் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்கலாம். மாதர் சங்கங்களும் பள்ளிவாசல்களும் கோயில் சபைகளும் அதைச் செய்யலாம்.

பள்ளிவாசலைச் சொன்னது சும்மா அல்ல. பக்கத்தில் எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளும் இதே வரிசையில் நிற்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி நடக்கிற பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு இடமில்லை. தன் கலியாணத்துக்குத் தான் சம்மதித்ததை அந்தப் பத்திரத்தைக் காட்டி அவளால் சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு விரட்டப்பட்ட குடும்பங்களிடம் பழைய பதிவுகளும் இல்லை. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்று, படகில் திரும்பி வந்தவர்களின் நிலையும் அதுதான். இவர்களுக்கெல்லாம் அயலவனின் வாய்ச்சொல்தான் மிஞ்சிய பத்திரம். ஒரு ஊர் மற்ற ஊருக்குச் சாட்சி சொல்ல முன்வந்தால் இந்தத் தீவில் யாருக்கும் ஒரு குறையும் வராது.

அன்றிரவு அந்தப் பிள்ளைக்குக் கடிதம் எழுதினேன். கலியாணத்துக்குப் போனதாக எழுதவில்லை. அழைப்புக் கிடைத்தது, போகவில்லை, ஏன் போகவில்லை என்பதை உள்ளபடி எழுதினேன். பெற்றோரின் எதிர்ப்பை எழுதினேன். கணவன் முதல் முறை வந்தபோது மூன்று கிழமை இருவரும் அந்த ஒழுங்கை வீட்டில் இருந்ததையும், இரண்டாம் முறை மாமியாரின் கண் சத்திரசிகிச்சைக்கு அவர்தான் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதையும், நான் கண்ட அளவில், திகதியோடு எழுதினேன். அவள் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாள். "அம்மா அப்பா வராததையும் எழுதத்தான் வேணுமா மாமா?" என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும், படத்தில் அவர்கள் இல்லாததற்குக் காரணம் அதுதானே என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தபின், டிசம்பரில் அவர் வருகிறார் என்றாள். நத்தாருக்கு மறுநாள் இருவரும் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய தாய் தகப்பனையும் நாங்கள் போய்க் கூப்பிடுவதாக இருக்கிறோம்.