பாலித் தீவில் எந்த வண்டியைக் கூப்பிடுவது?

பாலித் தீவின் சாங்கு கடற்கரை. மாலை ஆறு மணி. கடலில் குளித்து விட்டு, காலில் மணலும் கையில் ஈரத் துணியுமாக ஒரு குடும்பம் தெருமுனையில் நிற்கிறது. குடும்பத் தலைவர் கைபேசியைத் தட்டுகிறார். மலிவான கட்டணத்தில் கார் வருவதாகச் செயலி சொல்கிறது. இரண்டு நிமிஷம் கழித்து டிரைவரிடமிருந்து செய்தி வருகிறது: "ஐயா, அந்த இடத்துக்கு நான் வர முடியாது. தயவு செய்து பெரிய ரோடு வரை நடந்து வாருங்கள்." பத்தடி தூரத்தில் இன்னொரு டிரைவர் கையைக் கட்டிக் கொண்டு இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் உடனே வருவார். ஆனால் செயலி காட்டியதைப் போல் இரண்டு மடங்கு கேட்பார்.

இது அங்கே அன்றாடக் காட்சி. 2024-ம் வருஷத்தில் பாலிக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் சுமார் 63 லட்சம் பேர். அவர்களில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடி இந்தியர்களே அதிகம். ஆகவே இதை யாரோ வெளியூர்க்காரர்களின் தகராறு என்று நாம் ஒதுக்கி விட முடியாது.

தீவில் ரயில் கிடையாது. பஸ்ஸும் பேருக்குத்தான். 2020-ல் தொடங்கிய சர்க்கார் பஸ் சர்வீஸ், பண உதவி நின்று போனதால் 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஜனங்கள் கூக்குரலிட்ட பிறகு ஏப்ரலில் மீண்டும் ஓட ஆரம்பித்தது. கடற்கரை விடுதியில் தங்குகிறவருக்கு வாடகை வண்டியை விட்டால் வேறு கதியில்லை.

ஊபர் அங்கே இல்லை

நம் ஊரில் பழகிய ஊபரை நம்பிக் கொண்டு போகாதீர்கள். 2018 மார்ச்சில் அந்தக் கம்பெனி தன் தென்கிழக்கு ஆசிய வியாபாரம் முழுவதையும் கிராப் கம்பெனியிடம் ஒப்படைத்து விட்டு, பதிலுக்குக் கிராப்பில் 27.5 சதவீதப் பங்கை வாங்கிக் கொண்டு விலகியது. கிராப், 2012-ல் மலேசியாவில் பிறந்து சிங்கப்பூருக்குக் குடிபோன கம்பெனி. அதன் போட்டியாளரான கோஜெக், இந்தோனேஷியாவின் சொந்தப் பிள்ளை. 2010-ல் ஜாகர்த்தாவில் 20 மோட்டார் சைக்கிள்காரர்களை வைத்துக் கொண்டு, டெலிபோனில் அழைப்பு வாங்கி நடத்தத் தொடங்கியது. 2015-ல்தான் செயலி வந்தது. 'ஓஜெக்' என்றால் அந்நாட்டில் வாடகை மோட்டார் சைக்கிள்.

எந்த நேரத்தில் எது மலிவு என்பது மழையையும் கூட்டத்தையும் பொறுத்தது. ஆகையால் இரண்டையும் புறப்படுமுன் வீட்டிலேயே பதிந்து கொள்வது நல்லது. அங்கே போய்ப் புது சிம் போட்ட பிறகு, ரகசிய எண் பழைய நம்பருக்குப் போய் விட, விழித்துக் கொண்டு நிற்க வேண்டாம். இன்டிரைவ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ரஷ்யாவின் பனிக்காடான யாக்குட்ஸ்கில் பிறந்தது. அதில் கட்டணத்தைப் பிரயாணியே சொல்லலாம். காய்கறிக்காரரிடம் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு ஏற்றது!

பலகை சொல்லும் செய்தி

கட்டணத்தைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை 'பன்ஜார்' தீர்மானிக்கிறது. பன்ஜார் என்பது பாலி ஊர்களில் உள்ள குடியிருப்புச் சபை. கல்யாணமான குடும்பஸ்தர்கள் அதில் அங்கத்தினர்கள். கோயில் விசேஷம், ஈமச்சடங்கு எல்லாம் அதன் பொறுப்பு. சாங்கு, உபுட் முதலிய இடங்களில் செயலி வண்டிகளைத் தடுக்கும் பலகைகள் தொங்குகின்றன. பிரயாணியை இறக்கி விடலாம்; ஏற்றக் கூடாது. மீறி ஏற்றிய டிரைவர்களை வழி மறித்ததும் உண்டு, மிரட்டியதும் உண்டு.

வெறும் அடாவடி இது என்கிறார்கள் பிரயாணிகள். அடாவடி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்க்காரர் தரப்பையும் கேட்க வேண்டும். நேற்று வரை நெல் விளைந்த வயல்களில் இன்று விடுதியும் நீச்சல் குளமும் முளைத்திருக்கின்றன. நிலம் குத்தகைக்குப் போய் விட்டது. மிஞ்சியிருப்பது வண்டி ஓட்டும் பிழைப்பு. அதையும் பக்கத்துத் தீவிலிருந்து செயலியை நம்பி வருகிறவர் எடுத்துக் கொண்டால் நாங்கள் எங்கே போவது என்கிறார்கள். 2025 ஜனவரியில் பாலி டிரைவர்கள் டென்பசாரில் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். செயலி வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், வண்டிக்குப் பாலிப் பதிவு எண் வேண்டும், ஓட்டுகிறவரிடம் பாலி அடையாளச் சீட்டு வேண்டும் என்று கேட்டார்கள். கடைசிக் கோரிக்கை எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாட்டுக்குள் பிழைக்க வந்தவனை வெளியே போ என்பது எந்த ஊரிலும் நல்லதில் முடிந்ததில்லை.

செயலி டிரைவரும் சுகப்படவில்லை. மோட்டார் சைக்கிள் சவாரிகளில் கம்பெனி பிடிக்கும் கமிஷனுக்கு 2022-ல் சர்க்கார் 20 சதவீத உச்சவரம்பு வைத்தது. அதை 10 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று 2025 மே 20-ந் தேதி பல நகரங்களில் டிரைவர்கள் செயலியை அணைத்து விட்டுத் தெருவில் இறங்கினார்கள். மலிவுக் கட்டணம் யார் பையிலிருந்து வருகிறது என்பது இதிலிருந்து ஓரளவு தெரிகிறது.

ஆகவே, தடை போட்ட தெருவுக்குள் வந்தே தீர வேண்டும் என்று டிரைவரிடம் வாதாடக் கூடாது. வம்பு வந்தால் அவருக்குத்தான். நாம் அடுத்த வாரம் விமானம் ஏறி விடுவோம். அவர் வரவில்லையென்று ஒற்றை நட்சத்திரம் போடுவது அதை விட அநியாயம். நடக்கக் கூடிய தூரமென்றால் பெரிய ரோட்டுக்கு நடந்து விடலாம். குழந்தைகளோடு முடியாதென்றால் 1972 முதல் இருந்து வரும் புளூபேர்ட் டாக்சி இருக்கிறது. மீட்டர் போட்டு ஓட்டுகிறார்கள். தனிச் செயலியும் உண்டு. நீல நிறத்தை மட்டும் பார்த்து ஏறி விடாதீர்கள். அதே நிறத்தில் வேறு டாக்சிகளும் ஓடுகின்றன. பறவைச் சின்னத்தையும் பெயரையும் பார்க்க வேண்டும்.

உலுவாட்டு போன்ற தூரத்துக் கடற்கரைக்குச் செயலி வண்டியில் போய்ச் சேர்வது சுலபம். திரும்பி வருவதுதான் கஷ்டம். அப்படிப்பட்ட நாளுக்கு உள்ளூர் டிரைவர் ஒருவரைப் பகல் முழுவதற்கும் பேசிக் கொள்வது மேல். பேரத்துக்கு இடமுண்டு. நாம் குளித்து விட்டு வரும் வரை காத்திருப்பார். கோயில் ஊர்வலத்துக்காக எந்தச் சாலையை அடைத்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெருமுனையில் கையைக் கட்டிக் கொண்டு நின்றாரே, அவரையே கேட்டுப் பார்க்கலாம்.