பிளானை மாற்றும் முன் ரௌட்டரை நகர்த்திப் பாருங்கள்

லேப்டாப்பில் இன்டர்நெட் வேகம் ஏறி இறங்குகிறது என்றவுடன் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். இணைப்பு தரும் நிறுவனத்திற்குப் போன் செய்கிறோம். "இன்னும் வேகமான பிளானுக்கு மாறிக் கொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது. நாமும் மாறுகிறோம். மாதக் கட்டணம் கூடுகிறது. வேகமோ முன்பு போலவே ஒரு நிமிடம் ஓடி, மறு நிமிடம் நிற்கிறது.

பிளானை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. பழுது வீட்டிற்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாமல் கூடுதல் பணம் கட்டக் கூடாது. இதனைத் தெரிந்து கொள்ள இன்ஜினியர் யாரும் தேவையில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் கூட ஒரே நாளில் கண்டுபிடித்து விடலாம்.

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இன்று அந்த வீட்டில் லேப்டாப் விளையாட்டுப் பொருள் இல்லை. வெளியூர் வாடிக்கையாளருக்குப் புடவையின் முந்தானையையும் பார்டரையும் வீடியோ காலில் காட்ட வேண்டும். டிசைன் பைல்களை அனுப்ப வேண்டும். பிள்ளைகள் பாடம் பார்க்க வேண்டும். வீடியோ கால் நடுவில் உறைந்து நின்றால் புடவையின் நிறம் கூடச் சரியாகத் தெரியாது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய் விடுவார். இந்தக் கவலையில்தான் மாதம் 200 ரூபாய் கூடுதலாகக் கட்ட ஒப்புக் கொள்கிறோம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,400 ரூபாய். பயன் இருந்தால் கட்டலாம். பயன் இல்லாவிட்டால்?

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே மாற்றுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுகிறார். இன்டர்நெட் இணைப்பிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இரண்டு பாதைகள்

உங்கள் லேப்டாப்பிற்கு இன்டர்நெட் இரண்டு பாதைகளைக் கடந்து வருகிறது. முதல் பாதை, நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டு ரௌட்டர் வரை. பெரும்பாலும் இது பைபர் கேபிள். இரண்டாவது பாதை, ரௌட்டரிலிருந்து உங்கள் லேப்டாப் வரை. இதுதான் வை-பி. நீங்கள் கட்டும் கட்டணம் முதல் பாதைக்கு மட்டுமே. இரண்டாவது பாதை குறுகலாக இருந்தால், முதல் பாதையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வை-பி வழக்கமாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. விலை குறைந்த சில லேப்டாப்களில் வை-பிக்கு ஒரே ஒரு ஆன்டெனாதான் இருக்கும். அத்தகைய லேப்டாப், வை-பி 4 எனப்படும் பழைய முறையில் 2.4 அலைவரிசையில் இணைந்தால், வழக்கமாகக் கிடைக்கும் உச்ச இணைப்பு வேகம் விநாடிக்கு 72 மெகாபிட். அதிலும் நாம் பயன்படுத்தக் கிடைப்பது ஏறத்தாழ பாதிதான். அதாவது 35 முதல் 45 மெகாபிட் வரை. இந்த லேப்டாப்பை வைத்துக் கொண்டு 100 மெகாபிட் பிளானிலிருந்து 200 மெகாபிட் பிளானுக்கு மாறினால் என்ன கிடைக்கும்? அதே 40தான். அதே லேப்டாப் வை-பி 5 வசதியுடன் இருந்து, 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்தால் இணைப்பு வேகம் 433 மெகாபிட் வரை போகும். இதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

இங்கு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்து விடலாம். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் சொல்கின்றன. பைல் டவுண்லோட் ஆகும்போது பிரவுசர் மெகாபைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12 மெகாபைட் டவுண்லோட் ஆனால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

எவ்வளவு வேகம் நமக்குத் தேவை என்பதையும் யோசிக்க வேண்டும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக் கொள்ள, 2004ல் விநாடிக்கு 256 கிலோபிட் போதுமானதாக இருந்தது. 2013ல் அது 512 கிலோபிட் ஆனது. 2023ல் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. ஒரு வீடியோ காலுக்கு 2 அல்லது 3 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் போதும். நமக்குக் குறை வேகத்தில் இல்லை, நிலையில்லாமையில்தான் இருக்கிறது. நிலையில்லாமையைப் பிளான் மாற்றிச் சரி செய்ய முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் லேப்டாப்பை ரௌட்டருடன் லான் கேபிள் மூலம் இணைக்கவும். மெல்லிய லேப்டாப்களில் இதற்கான போர்ட் இருக்காது. யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் லான் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி. வை-பியை அணைத்துவிட்டு, ஏதேனும் ஒரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் வேகத்தைப் பார்க்கவும். காலையில், மதியத்தில், இரவு 9 மணிக்கு என மூன்று முறை பார்த்துக் குறித்துக் கொள்ளவும். பின் கேபிளை எடுத்துவிட்டு, ரௌட்டர் பக்கத்திலேயே அமர்ந்து வை-பியில் பார்க்கவும். கடைசியாக, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் பார்க்கவும்.

கேபிளிலும் வேகம் ஆடினால் பழுது பெரும்பாலும் வெளியே. கேபிளில் நிலையாக இருந்து, உங்கள் இடத்தில் மட்டும் ஆடினால் பழுது வீட்டிற்குள். ரௌட்டர் பக்கத்தில் அமர்ந்தும் வை-பி மட்டும் ஆடினால் லேப்டாப்பையும் சந்தேகிக்கலாம். அதே இடத்தில் ஒரு மொபைல் போனை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

கேபிள் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பிங் என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு ரௌட்டரின் முகவரியைக் கொடுக்கவும். இது ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். பல ரௌட்டர்களில் 192.168.1.1 என இருக்கும். மீண்டும் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்து என்டர் தட்டவும். பதில் வரும் நேரம் மில்லி விநாடியில் வரிசையாக ஓடும். நல்ல இணைப்பில் இது ஒற்றை இலக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அடிக்கடி 200, 500 எனத் தாவினாலோ, பதில் வரவில்லை என்ற செய்தி கிடைத்தாலோ, குற்றவாளி வீட்டிற்குள்தான். ஏனெனில் இந்தச் சோதனை உங்கள் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. நிறுத்த, கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும்.

வீட்டிற்குள் என்ன பழுது?

நம் ஊர் வீடுகளில் இணைப்புக் கேபிள் தெருவிலிருந்து வருகிறது. எனவே ரௌட்டரும் வாசல் பக்கத்திலேயே மாட்டப்படுகிறது. நீளவாக்கில் கட்டிய வீட்டில் முன்னறை, தறி போட்டிருக்கும் அறை, சமையலறை என்று கடந்து, பின்னறையில் லேப்டாப் இருக்கும். இடையில் இரண்டு மூன்று கனமான சுவர்கள். போதாதற்கு ரௌட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்கிறோம். இரும்பு, தண்ணீர், கான்கிரீட் மூன்றுமே வை-பிக்கு எதிரிகள். ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் மாற்றுங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

அடுத்தது நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005 ஜனவரியில் வழி திறந்தது. நல்ல முடிவுதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான தெருவில் எல்லோரும் நடப்பார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள், புளூடூத் ஹெட்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே அலைவரிசையில்தான். இதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. அதனால்தான் எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்தில் வேகம் ஆடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். 2018 அக்டோபரில் இதில் இன்னும் பெரிய பகுதிக்கு லைசென்ஸ் விலக்கு கிடைத்தது. ஆனால் சுவர்களைத் தாண்டும் திறன் இதற்குக் குறைவு. எனவே அருகில் இருந்தால் 5, தூரத்தில் இருந்தால் 2.4 என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பல ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரைக் கொடுக்கின்றன. லேப்டாப் எதில் இணைந்தது என்பதே நமக்குத் தெரிவதில்லை. ரௌட்டர் செட்டிங்ஸில் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-பி, பின் உங்கள் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் எனத் திறந்தால், இணைப்பு வேகம், அலைவரிசை, சேனல் எண் மூன்றும் கிடைக்கும்.

பின்னறைக்குச் சிக்னல் எட்டவே இல்லை என்றால், பலர் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். சாதாரண ரிப்பீட்டர் வந்த தகவலை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. அதற்குப் பதில் ரௌட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு லான் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு சிறிய ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வைப்பதே நல்லது. சுவரில் கேபிள் ஓடுவது பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வீடியோ கால் நடுவில் நிற்காது.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியவை

புது லேப்டாப் வாங்கிய முதல் சில நாட்கள் விண்டோஸ் பின்னணியில் அப்டேட் பைல்களை இறக்கிக் கொண்டே இருக்கும். அதனை முடிய விடுங்கள். மின்சாரம் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வேகம் குறைந்தால், மின் சேமிப்பு வசதியைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் வை-பி அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட் டேப்பில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்து விடவும். சில புதிய லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது. டிரைவர் பைலை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெறவும். "இன்டர்நெட் வேகத்தைப் பத்து மடங்காக்கும்" புரோகிராம்களின் பக்கமே போக வேண்டாம். எந்த சாப்ட்வேரும் சுவரை மெல்லியதாக்காது.

பழுது வெளியே என்றால்

கேபிள் சோதனையிலும் வேகம் ஆடினால், உங்கள் கையில் தேதி, நேரம், வேகம் எழுதிய தாள் இருக்கிறது. அதனை வைத்துப் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2012ல் டிராய் கொண்டு வந்த விதிகளின்படி, புகார் மையத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். மாதக் கடைசியில் மட்டும் வேகம் குறைந்தால், பிளானில் தந்த டேட்டா அளவு முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். செல்போன் டவரிலிருந்து வரும் வயர்லெஸ் இணைப்பு என்றால், அந்த டவரில் கூட்டம் கூடும் நேரத்தில் வேகம் குறையத்தான் செய்யும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. ரௌட்டரைக் கதவருகே ஆணியடித்து மாட்டி, பக்கத்தில் நின்று மொபைல் போனில் ஒரு முறை வேகத்தைக் காட்டிவிட்டுப் போவது வேலையை முடித்ததாகாது. வாடிக்கையாளர் லேப்டாப்பை எங்கே வைத்து வேலை செய்கிறாரோ, அங்கே காட்ட வேண்டும். லேப்டாப் விற்கும் கடைகளும் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று சொல்வதோடு, அதில் உள்ள வை-பி எந்த வகை, ஆன்டெனா எத்தனை என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்போம். பட்டுப் புடவை வாங்குகிறவர் ஜரிகை என்ன தரம் என்று கேட்காமல் பணம் கொடுப்பதில்லை. இன்டர்நெட் இணைப்பிற்கு மட்டும் ஏன் கேட்காமல் கொடுக்க வேண்டும்?