கான் வெட்டாத பள்ளங்கள்

நுவரெலியாவில் இன்று படகு ஓடும் கிரகரி ஏரி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், அங்கே ஓடிய ஓடையை மறித்து அதை ஏரியாக்கினார்கள். சுற்றியிருந்த ஈரப் பள்ளங்கள் பலவற்றில் கான் வெட்டி நீரை வடித்தார்கள். லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் அங்கே விளைந்தன. மலையகத்தில் காலநிலைக்காகச் செய்யக்கூடிய செலவு குறைந்த வேலை, எஞ்சிய பள்ளங்களில் இனிக் கான் வெட்டாமல் விடுவதுதான்.

நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாது. செத்த புல்லும் வேரும் முழுதாக மக்காமல் கறுத்த பீட் மண்ணாகப் படிகின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் சேர்ந்தாலே பெரிது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்களெல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் காபன் அவற்றில் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் பீட் படிவில் 24,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலநிலை வரலாற்றையே ஆய்வாளர்கள் வாசித்திருக்கிறார்கள். அத்தகைய மண்ணில் ஒரு கான் வெட்டினால் போதும்: நீர் வடிகிறது, ஒட்சிசன் புகுகிறது, காபன் காற்றில் கலக்கத் தொடங்குகிறது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு 1988 முதல் தேசியப் பூங்கா என்ற காவல் இருக்கிறது. தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிறு பள்ளங்களுக்கு அது இல்லை. அவை எல்லாமே ஆழமான பீட் நிலங்களும் அல்ல. சதுப்பிலிருந்து மீதேன் வருகிறதே என்பாரும் உண்டு, வருவது உண்மை. ஆனால் மீதேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைக்கும். வடித்த பீட் வெளிவிடும் காபனீரொட்சைட்டோ பல தலைமுறைகளுக்குத் தங்கிவிடும்.

ஓரிடத்தில் காக்கும் காபனைக் காட்டி வேறிடத்துப் புகையைக் கழித்துக்கொள்ளும் காபன் ஈடுசெய்தல் என்ற பேச்சில்தான் எனக்குக் கவலை. ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் காபனைக் காப்பது இழப்பைத் தடுக்கிறது. இன்று எரிக்கும் டீசலின் புகையை அது உறிஞ்சிவிடாது. அதைக் காட்டி ஒரு கம்பனி தன் கணக்கை நேராக்கிக்கொள்ள விடக்கூடாது. பழைய கானை அடைத்து நீரை மீட்பது வேறு. அங்கே நின்றுபோகும் வெளியீட்டை அளக்கலாம், அதற்குப் பணம் கேட்கலாம். மரம் நட்டால்தான் காபன் என்று எண்ணி ஈர நிலத்தில் யூகலிப்டஸ் நடுவதோ பெருங்கேடு. அது இருக்கும் நீரையும் குடித்துவிடும்.

பணம் வந்தால் யாருக்கு? 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிப்பது அரசின் குத்தகை நிலத்தை. அங்கே தலைமுறைகளாக உழைக்கும் குடும்பங்கள் இன்னும் லயங்களில் இருந்துகொண்டு சொந்தக் காணிக்காகக் காத்திருக்கின்றன. கானை அடைக்கப்போவதும் அவர்கள்தான், பள்ளத்தைக் காவல் காக்கப்போவதும் அவர்கள்தான். காபன் ஒப்பந்தத்தில் அந்த மக்களும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும். வருமானத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் அரசு அனுமதி கொடுக்கக்கூடாது.