தயிர் சாதத்தை விட்டுடுங்களேன்!

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல, தூரத்துச் சொந்தம் ஒருத்தங்க என் பையனோட இலையைப் பார்த்துட்டு, "ஆட்டிசம் குழந்தைக்குப் பாலும் கோதுமையும் ஆகாதாமே, நீ இன்னும் நிறுத்தலையாம்மா?"ன்னு கேட்டாங்க. அக்கறையாத்தான் கேட்டாங்க. ஆனா ஆறு வருஷமா இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. அதான் எழுதிடலாம்னு.

நிறுத்திப் பார்த்தோமுங்க! அப்ப அவனுக்கு அஞ்சு வயசு. அவன் சாப்பிடுறதே மொத்தம் ஆறு ஐட்டம்தான். தயிர் சாதம், இட்லி, பால், ஒரே ஒரு வகை பிஸ்கட், அப்பளம், வாழைப்பழம். அதுல மூணை ஒரே நாள்ல பிடுங்கிட்டோம். ரவையும் சேமியாவும் கூடாதுன்னு தெரியும். பெருங்காயத்தூள்ல கூட மைதா சேர்க்குறாங்கன்னு டப்பாவைத் திருப்பிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. நாலு மாசம் கழிச்சுப் பார்த்தா பேச்சு வரலை. எடை ரெண்டு கிலோ குறைஞ்சதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்துல வேற கூத்து. யாருக்காவது பிறந்தநாள்னா எல்லாருக்கும் சாக்லேட், இவனை மட்டும் தள்ளி உட்கார வெப்பாங்க. சரின்னு மறுபடி தயிர் சாதம் அனுப்ப ஆரம்பிச்சா டைரியில குறிப்பு வருது: "தினமும் ஒரே உணவு அனுப்ப வேண்டாம்." என்னத்தைச் சொல்ல!

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். பால், கோதுமை விலக்குற இந்த உணவுமுறையை ஆட்டிசத்துக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்னு பிரிட்டனோட 'நைஸ்' அமைப்பு 2013லயே சொல்லிடுச்சு. 2016ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுலயும் நடத்தையில குறிப்பிடும்படியா மாற்றம் எதுவும் தெரியலை. அதுல 14 குழந்தைங்கதான், சின்ன ஆய்வு. ஆனா பாலை நிறுத்தினா கால்சியம் குறையுற ஆபத்து இருக்கு.

அதுக்காக யாருமே நிறுத்தக் கூடாதுன்னு சொல்ல வரலை. சில பிள்ளைகளுக்கு நிஜமாவே பால் அலர்ஜியோ, கோதுமையால வர்ற சீலியாக் நோயோ இருக்கும். சந்தேகம் இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட போங்க. சீலியாக் ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டா, நோய் இருந்தாலும் இல்லைன்னு ரிசல்ட் வந்துடலாம். இதை எத்தனை பேர் நமக்குச் சொல்றாங்க?

என்னைக் கேட்டா, எதை நிறுத்தலாம்ங்கிறதை விட, இவன் ஏன் ஆறே ஐட்டத்தோட நிக்கிறான்ங்கிறதுதான் நாம கேட்க வேண்டிய கேள்வி. வாசனை, வழவழப்பு, சத்தம் எல்லாமே இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். அடம்னு நினைச்சு வாயில திணிச்சா இருக்கிறதும் போயிடும். நாங்க தயிர் சாதம் பக்கத்துல தனிக் கிண்ணத்துல ஒரு கேரட் துண்டு மட்டும் வெச்சோம். தின்னுன்னு சொல்லவே இல்லை. எட்டு மாசம் கழிச்சு ஒருநாள் அவனா எடுத்துக் கடிச்சான். நான் அடுப்படியில போய் அழுதேன். இப்ப அவனுக்குப் பதினொரு வயசு. ஒன்பது ஐட்டம் சாப்பிடுறான் :)

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்தேன். என்ன சாப்பிடுவான், எந்த டப்பா, எந்த இடம், வற்புறுத்தாதீங்க, அவ்வளவுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. பிள்ளையோட தேவைக்குத் தகுந்த வசதி செஞ்சு கொடுக்க வேண்டியது அங்கீகாரம் பெற்ற பள்ளியோட கடமை. சலுகை மாதிரி கெஞ்சாதீங்க.

இலவச ஆலோசனை சொல்றவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாக்களோட குற்ற உணர்ச்சியில இன்னும் ஒரு கரண்டி ஊத்தாதீங்க. என் பிள்ளை தயிர் சாதம் நிம்மதியா சாப்பிடட்டும்.