மேலூர் வென்றது, சட்டம் தோற்கவில்லை

மத்திய சர்க்காருக்கு உரிய அதிகாரங்கள் எவை, மாநில சர்க்காருக்கு உரியவை எவை, இருவருக்கும் பொதுவானவை எவை என்று மூன்று பட்டியல்களை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கும் குரூப் ஒன்று தேர்வுக்கும் படிக்கின்ற நமது வாலிபர்கள், மதுரையின் நூல்நிலையங்களிலே காலை முதல் இரவு வரை அமர்ந்து, அந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். போலீஸ் மாநிலத்துக்கு, ராணுவம் மத்திய சர்க்காருக்கு, கல்வி பொதுவுக்கு என்று தடையின்றி ஒப்பிக்கவும் செய்கிறார்கள். "சுரங்கம் யாருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், சற்றே தயங்குவார்கள். தயக்கம் அவர்கள் குற்றமல்ல. அந்தக் கேள்விக்கு இரண்டு பட்டியல்களிலே விடை எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தாலோ, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது!

மாநிலப் பட்டியலின் 23ஆம் இனத்தைப் பாருங்கள். சுரங்கங்களை முறைப்படுத்துவதும் கனிவளத்தைப் பெருக்குவதும் மாநிலத்தின் பொறுப்பு என்று தொடங்குகிறது. படித்ததும் நெஞ்சம் நிமிர்கிறது. ஆனால், மத்தியப் பட்டியலின் ஏற்பாடுகளுக்கு உட்பட்டே இந்த உரிமை என்று அதே இனத்திலே ஒரு முடிச்சும் போட்டிருக்கிறார்கள். சரி, அந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்று தேடிப் போனால் 54ஆம் இனம் நிற்கிறது. பொதுநலனை முன்னிட்டு எந்த அளவுக்குத் தன் கட்டுப்பாடு தேவை என்று பார்லிமெண்டு சட்டம் போட்டு அறிவிக்கிறதோ, அந்த அளவுக்குச் சுரங்கம் டில்லியின் கையிலே! எந்த அளவு என்று அளப்பவர் யார்? டில்லி. அளவுகோல் யார் வசம்? அதுவும் டில்லியின் வசம். கொடுத்த கையே எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததற்குக் காரணமும் தானே எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு சுதந்திர இந்தியா சிந்தித்துக் கண்டுபிடித்ததும் அல்ல. வெள்ளைக்காரன் 1935ஆம் ஆண்டு இயற்றிய இந்திய அரசாங்கச் சட்டத்திலே, மாகாணப் பட்டியலிலும் சுரங்கத்துக்கு எண் 23தான்! எண்ணைக்கூட மாற்றாமல் இறக்குமதி செய்துகொண்டார்கள். 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலே, "பொதுநலன் கருதி" என்ற மந்திரத்தை உச்சரித்து, கட்டுப்பாட்டைத் தன்வசம் எடுத்துக்கொண்டது டில்லி. ஆயினும் அந்தச் சட்டத்தின் கீழ், குத்தகை வழங்குகிற வேலையும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏலம் விடுகிற வேலையும் பெரும்பாலும் மாநிலத்திடமே இருந்தன. மிச்சமிருந்த அந்தச் சிறு இடத்திலும் கை வைத்தது 2023ஆம் ஆண்டுத் திருத்தம்.

மணிப்பூரைப் பற்றிய அமளி இரு அவைகளையும் உலுக்கிக்கொண்டிருந்த கூட்டத்தொடர் அது. ஜூலை 28இல் மக்களவை, ஆகஸ்டு 2இல் மாநிலங்களவை என்று மசோதா விரைந்து நிறைவேறியது. ஆகஸ்டு 17 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. லித்தியம், கோபால்ட், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிம வகைகளை "முக்கியமானவை, போர்த்திறச் சிறப்புடையவை" என்று பிரித்தெடுத்து, இவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே உரியது என்று 11டி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். வருவாய் மாநிலத்துக்கே வந்து சேரும் என்று ஆறுதலும் சொன்னார்கள். ஏலம் போடுவது டில்லி. ஏலத்திலே வென்றவனுக்குக் குத்தகைப் பத்திரம் எழுதித் தர வேண்டியது மாநிலம். விழுகின்ற பணத்தை எண்ணிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்ல மட்டும் அந்தப் பிரிவிலே இடமில்லை!

இதன் பொருள் என்ன என்பதை மேலூர் வட்டாரம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் கற்றுக்கொண்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரிலே 2,015.51 ஹெக்டேர் பரப்பை, வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. நம் கணக்கிலே ஏறத்தாழ 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, எட்டிமங்கலம் என்று ஊர் ஊராக அந்த வரைபடத்துக்குள்ளே அடங்கியிருந்தன. வயலும் கண்மாயும் வீடும் கோயிலும் வரைபடத்திலே தெரிவதில்லை. கனிமம் மட்டுந்தான் தெரிகிறது.

அதே வரைபடத்துக்குள், அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலமும் கிடந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பரிலே, பார்லிமெண்டு இயற்றிய பல்லுயிர்ச் சட்டத்தின் கீழேயே, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று மாநில சர்க்கார் அறிவித்த நிலம் அது. ஏழு குன்றுகள் நிற்கின்ற மண். லகர் வல்லூறு பறக்கின்ற வானம். தமிழ் பிராமி எழுத்தும் சமணச் சிற்பமும் பாண்டியர் குடைவரையும் ஒருங்கே அமைந்த பாறை. குன்றிலே விழும் மழைநீர் சுனைகளிலும் ஓடைகளிலும் இறங்கி, கண்மாய்க்குக் கண்மாய் நிரம்பி வயலுக்கு வருகிறது. பெரியாற்றுக் கால்வாயின் தண்ணீருக்காகக் கடைமடையிலே காத்துக் கிடக்கும் வட்டாரத்துக்கு, அந்தக் குன்றுகள் எத்தகைய துணை என்பதை எந்த உழவரும் சொல்வார். டில்லியின் ஒரு சட்டம் காக்கச் சொன்ன இடத்தை, டில்லியின் மற்றொரு சட்டம் ஏலத்திலே வைத்தது!

பிறகு நடந்தவற்றை நாடறியும். நவம்பர் 23இல் கிராம சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மரபுத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தோண்டலாமா என்று ஆராயும்படி, டிசம்பர் 24இல் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சொல்லிப் பார்த்தது மத்திய சர்க்கார். மக்கள் ஏமாறவில்லை. 2025 ஜனவரி 7ஆம் நாள், நரசிங்கம்பட்டியிலே திரண்டு, மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், அவர்கள் மீது நம் மாநிலப் போலீசே வழக்கும் போட்டது, பிறகு திரும்பப் பெறப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஜனவரி 23இல் ஏலம் ரத்து என்று டில்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. மேலூரிலே வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். மகிழத்தக்க வெற்றிதான், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால், தோழர்களே, ரத்தானது எது என்பதைக் கூர்ந்து பாருங்கள். ஓர் ஏலம் ரத்தாயிற்று. 11டி பிரிவு அப்படியே இருக்கிறது. அந்தக் கனிமங்களின் பட்டியல் இருக்கிறது. மாநிலத்தின் இசைவு தேவை என்று ஒரு வரி சேர்க்கப்படவில்லை. மேலூருக்குக் கிடைத்தது டில்லியின் இரக்கமா, தேர்தல் கணக்கா, மக்கள் வெள்ளத்தைக் கண்ட அச்சமா, எதுவாகவும் இருக்கட்டும். உரிமை என்ற பெயரிலே அது கிடைக்கவில்லை. இரக்கத்தினால் வந்தது இரக்கம் தீர்ந்ததும் போய்விடும். போகவும் தொடங்கிவிட்டது! 2025 செப்டம்பர் 8இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை அனுப்பி, இத்தகைய கனிமங்களைத் தோண்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று விலக்களித்தது. பார்லிமெண்டிலே விவாதமில்லை, ஒரு குறிப்பாணை, அவ்வளவுதான். அடுத்த அரிட்டாபட்டி எந்த மாவட்டத்திலே இருக்கிறதோ, அந்த ஊரார் பந்தலிலே நின்று "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பையும் அது பறித்தது.

இதற்கிடையே, 'யார் முதலில் எதிர்த்தார்கள்' என்றொரு வழக்காடல் பல நாள் நடந்தது. 2023 அக்டோபர் 3இலேயே மறுத்துக் கடிதம் எழுதினோம், நவம்பர் 2இல் முடியாதென்று டில்லி பதில் எழுதியது என்று மாநிலம் கூறிற்று. ஏலம் நடந்த மாதங்களிலே மாநிலம் மறுப்புச் சொல்லவில்லை என்று டில்லி கூறிற்று. என்னைக் கேட்டால், இந்த வாதத்திலே இரு தரப்பாரும் தம்மை அறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்கள் என்பேன். கடிதம் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலையிலே சட்டம் மாநிலத்தை நிறுத்தியிருந்தது. கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவரிடம் எழுதுகிற கடிதத்துக்கு விண்ணப்பம் என்று பெயர்.

நீதிமன்றம் காக்காதா என்று கேட்கலாம். 1962இல் மேற்கு வங்கம் கேட்டது. நிலக்கரி நிலங்களை டில்லி கையகப்படுத்தும் சட்டத்தை எதிர்த்து வழக்காடிற்று. மாநிலங்கள் இறைமை படைத்தவை அல்ல, அவற்றின் உடைமையையும் டில்லி எடுக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். நீதிபதி சுப்பாராவ் ஒருவர் மறுத்து எழுதினார். பரீட்சைக்குப் படிக்கும் தம்பிமார் பெரும்பான்மைத் தீர்ப்போடு நின்றுவிடாமல், அவர் எழுதியதையும் படிக்க வேண்டும்.

காலம் அப்படியே உறைந்துவிடவில்லை என்பதும் உண்மை. நம் மாநிலத்து வழக்கு ஒன்று இதற்குச் சான்று. 1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி சுரங்க ராயல்டியின் மீது விதித்த வரியை எதிர்த்து, இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் வரி போட மாநிலத்துக்கு உரிமையில்லை என்று 1989இல் ஏழு நீதிபதிகள் கூறினர். பஞ்சாயத்துக்கு வரவேண்டிய பணம் நின்றது. அது தவறு என்று சொல்ல 35 ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலை 25இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுப் பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமும் நின்று, ராயல்டி வரி அன்று, கனிம உரிமையின் மீது வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலே, டங்ஸ்டன் தீர்மானம் நிறைவேறிய அதே கூட்டத்தொடரிலே, கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தையும் நமது சட்டமன்றம் இயற்றிக்கொண்டது. வரி போடும் உரிமை மீண்டது. ஆனால் வெட்டாதே என்று சொல்லும் உரிமை அந்தத் தீர்ப்பிலே இல்லை.

ஆகவே 11டி பிரிவிலே மாநிலத்தின் முன் இசைவு கட்டாயம் என்று திருத்தம் வேண்டும். அதைத் தமிழ்நாடு மட்டுமல்ல, கனிமம் உள்ள எல்லா மாநிலங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். மாநில உரிமைகளை ஆராய 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவின் எல்லைக்குள் வராத பொருளல்ல இது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நம் பக்கத்துக் கணக்கை மூடி வைத்துவிட்டுப் பேசியவர்கள் ஆவோம். மேலூர் மலைகளைத் தின்றது டில்லி மட்டுந்தானா? கிரானைட் சிறு கனிமம். அதற்கு விதி செய்வது மாநிலம், குத்தகை கொடுப்பது மாநிலம், காவல் காப்பதும் மாநிலம். கீழவளவிலும் கீழையூரிலும் குன்றுகள் பள்ளங்களானது யார் பொறுப்பிலே? 2012இல் மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த சகாயம், அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை எழுதினார். விரைவிலேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். அதிகாரம் டில்லியிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தாலே மலை பிழைத்துவிடும் என்று மேலூர்க்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஒடிசாவின் நியாம்கிரி மலையிலே இதே வேதாந்தா குழுமம் பாக்சைட் எடுக்க வந்தது. அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலிலே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. பன்னிரண்டு ஊர்ச் சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, திட்டம் மடிந்தது. வன உரிமைச் சட்டம் அங்கே ஊர்ச் சபைக்குப் பல் கொடுத்திருந்தது. பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையின் காப்பும் அந்த மண்ணுக்கு இருந்தது. தமிழ்நாட்டிலே அந்த அட்டவணைக்கு உட்பட்ட பகுதியே இல்லை. அரிட்டாபட்டியின் தீர்மானம் உருக்கமான தீர்மானம்; சட்டத்தின் கண்ணிலே அது ஒரு தாள்.

அதைத் தாளாகவே விட்டு வைத்திருப்பது டில்லி அல்ல. அரசியல் சட்டத்தின் 243ஏ விதி, கிராம சபைக்கு என்னென்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றமே சட்டத்தால் வழங்கலாம் என்கிறது. பேனா சென்னையிலே இருக்கிறது! 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, சிறு கனிமக் குத்தகைக்குக் கிராம சபையின் இசைவு கட்டாயம் என்று எழுதினால், தடுக்க யார் வருவார்?

ஊராரிடம் கொடுத்தால் ஊரிலே வலுத்தவர் கையிலே போய்விடாதா என்று கேட்பார் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மேலூரை அடுத்த மேலவளவிலே, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30இல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலே அந்த ஒதுக்கீட்டின்படி ஒழுங்காகத் தேர்தல் நடக்க 2006 ஆயிற்று. சேரியும் ஊரும் சமமாக அமராத சபைக்கு அதிகாரம் கொடுத்தால், அது சிலரின் அதிகாரமே. ஆகவே வருகைக் கணக்கும் ரகசிய வாக்கும் சேர்த்தே அந்தத் திருத்தத்தை எழுத வேண்டும். அதற்காக, அதிகாரமே கொடாதிருப்பது மருந்தாகாது.

இன்னொன்று. மேலூர் மக்கள் மதுரைக்கு நடந்த அந்த ஜனவரி 7ஆம் நாளிலே, அவர்கள் ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லை. பதவிக்காலம் இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. உரிமைக்காக ஒரு வட்டாரமே தெருவிலே நின்றபோது, அதன் உள்ளாட்சி நாற்காலி காலியாக இருந்தது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிற தோழர்கள், குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனுக் கொடுப்பதோடு, 243ஏ விதியின்படி எங்கள் சபைக்குக் கனிமத்தின் மீது இசைவு அதிகாரம் கொடு என்றொரு தீர்மானத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்று அலுவலர் சொன்னால், ஏன் என்று எழுத்திலே கேட்டு வாங்குங்கள்.